என்ன முறை வேணும்?

விடியற்காலை நாலே முக்காலுக்கு மாடிப்படியில் ஷூ சத்தம் இறங்கும். கேட் கொக்கி மெதுவாக எடுபடும். பிறகு தெருவில் ஒரே சீராகக் காலடிகள், ஏரிப் பக்கம் போய்த் தேய்ந்துவிடும். எங்கள் தெரு அந்த நேரத்தில்தான் தூங்கவே ஆரம்பித்திருக்கும். பொத்தேரியில் வாடகைக்கு விடாத வீடு அபூர்வம். மாடிக்கு நாலு பையன்கள், ஐந்து பையன்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கும் பரோட்டாப் பொட்டலத்தோடு டெலிவரி வண்டி வந்து நிற்கும். அவர்கள் படுக்கும் நேரத்தில் எங்கள் மாடிக் குடித்தனக்காரர் எழுந்துவிடுவார்.

அவரும் மாணவர்தான். வயது முப்பத்தொன்பது. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவர். ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை படிக்கிறார். மனைவியும் மகளும் வேலூர்ப் பக்கம் ஊரில். வீடு கேட்டு வந்த அன்று வழக்கம்போல "பேச்சிலரா?" என்று கேட்டேன். "இல்ல சார், ஸ்டூடண்ட்" என்றார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

வகுப்பில் தமிழ்ப் பையன்கள் அண்ணா என்கிறார்களாம். வடக்கத்திப் பையன்களுக்கு ஃபௌஜி பையா. ஆசிரியைக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. வருகைப் பதிவு எடுக்கும்போது இவர் பேர் வரும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தணியுமாம். "பழக்கதோஷம் சார், பேரைக் கூப்பிட்டா எழுந்து நின்னுடறேன்" என்றார் ஒருநாள்.

*

போன பொங்கலுக்கு முந்தின வாரம் ஷூ சத்தம் நின்றுபோனது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மொட்டை மாடிக்கு வற்றல் எடுக்கப் போனபோது கொடியில் அவருடைய பனியனும் துண்டும் அப்படியே கிடந்தன, வெயிலும் பனியும் பட்டு விறைத்துப்போய். சூரியன் சாய்வதற்குள் துணியை எடுத்து மடித்துவிடுகிற மனுஷர். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் போடாத ஷூ. முனையில் ஜன்னல் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. மறுபடியும் டப்பாவில் துணியைத் தொட்டார்.

"எங்க பையன் ஒருத்தன் போயிட்டான் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு மகள் மட்டும்தானே என்று குழம்பினேன். பிறகுதான் விளங்கியது. பட்டாளத்தில் 'எங்க பையன்' என்றால் பெற்ற பையன் இல்லை. ஒரே செக்‌ஷனில் கிடந்தவன். பக்கத்துக் கட்டில். இவருக்கு இரண்டு வருஷம் முன்னால் பென்ஷனில் வந்து, ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சீருடை போட்டவன்.

"எப்படி?"

துணி இரண்டு தடவை வட்டம் சுற்றியது. "அவனாவே சார்."

*

எப்படி என்று கேட்டிருக்கக் கூடாது. முதலில் வாயில் வருவது அதுதான். அது கேட்பவரின் ஆவலுக்குத் தீனி, சொல்பவருக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டிய காட்சி. அவர் பிறகு சொல்லவும் செய்தார். இந்த நோட்டில் அதை எழுதப்போவதில்லை. பத்திரிகைகள்தான் எழுதிக்கொண்டிருக்கின்றனவே.

நம்மிடம் இதற்கு இருக்கும் சொல்லே சரியில்லை. தற்கொலை. அதற்குள் ஒரு கொலை உட்கார்ந்திருக்கிறது. கொலை என்றால் குற்றவாளி வேண்டும். செத்தவனையே பிடித்து அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். ஊர் அந்தச் சொல்லைத் தொடாமல் சுற்றிப் போகும். 'அவசரப்பட்டுட்டான்.' 'புத்தி கெட்டுப்போச்சு.' இவர் சொன்ன 'அவனாவே' எனக்குப் பரவாயில்லை என்று பட்டது. அதில் யார் மேலும் பழி இல்லை. ஆனால் தனியாகப் போயிருக்கிறான் என்பது இருக்கிறது. அதுதான் இவரை அரிக்கிறது.

*

சாவுக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி, அங்கிருந்து செங்கம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறார். பெரியாஸ்பத்திரியிலிருந்து உடல் வர மதியம் ஆகிவிட்டது. 'நூத்தி எழுபத்து நாலு போட்டிருக்காங்க' என்று பந்தலில் பேசிக்கொண்டார்களாம். 2024 ஜூலையில் சட்டமே மாறி, சந்தேக மரணத்துக்கான அந்தப் பிரிவு 194 ஆகிவிட்டது. ஊர் வாயில் எண் மாறவில்லை. தப்பட்டை இல்லை. தேர்ப்பாடை இல்லை. வீட்டு வாசலில் வைத்ததும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை.

அங்கேதான் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "தம்பி, நீங்க என்ன முறை வேணும்?"

தப்பான கேள்வி இல்லை. சாவு வீட்டில் அது மரியாதை. மாமன் என்றால் கோடி போடணும், பங்காளி என்றால் தலைமுழுகணும், சம்பந்தி என்றால் அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு அனுப்பணும். முறை தெரிந்தால்தான் எங்கே நிற்கச் சொல்வது என்று தெரியும். பந்தலில் அவரவருக்கு ஒரு இடமும் ஒரு வேலையும் உண்டு.

"ஒண்ணா இருந்தோம்" என்றிருக்கிறார் இவர்.

பெரியவர் இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, அப்படி நிழலா நில்லுங்க" என்றிருக்கிறார்.

வாய்க்கரிசி போட முறையுள்ளவர்கள் வரிசை. இவரும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த இன்னும் இரண்டு பழைய ஆட்களும் வேப்பமரத்தடியில் கையைப் பின்னால் கட்டி, காலை அகட்டி, 'விஷ்ராம்' நிலையில் நின்றிருக்கிறார்கள். சிதைக்குத் தீ வைத்தபோது மூன்று பேர் குதிகாலும் ஒரே நேரத்தில் சேர்ந்தது. "யாரும் கமாண்ட் கொடுக்கல சார்."

*

பங்காளிச் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. முகம் பார்த்தே இராத, பட்டணத்தில் இருக்கிற தாயாதிக்குக்கூட உண்டு. கோயிலுக்குப் போக மாட்டோம், பண்டிகை கொண்டாட மாட்டோம். தீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவன் நான். இந்த வருஷம்தான் அதை வேறு மாதிரி யோசித்தேன். துக்கக்காரனை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ள அது ஒரு வழி. இத்தனை நாள் இவனிடம் எதுவும் எதிர்பார்க்காதே என்று ஊருக்குச் சொல்லிவைக்கிற ஏற்பாடு.

சிநேகிதனுக்குத் தீட்டு கிடையாது. அடுத்த நாளே பல் தேய்த்து வேலைக்குப் போகலாம், போகத்தான் வேண்டும்.

கல்லூரியில் விடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம்: இறந்தவர் உமக்கு என்ன உறவு? அதை வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறார். "சகோதரன்னு போடுங்க சார், வேலை முடிஞ்சுது" என்று அங்கிருந்தவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். இவர் போடவில்லை. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கி, அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினார்.

"போட்டிருக்கலாமே தம்பி."

"அண்ணன் தம்பின்னா பாகப் பிரிவினைல அடிச்சுக்குவாங்க சார். அவன்கிட்ட நான் அப்படி இல்ல."

*

அமெரிக்காவில் ஜூலி செரல் என்பவர் இதே கேள்வியை எண்களால் கேட்டுப் பார்த்திருக்கிறார். தற்கொலை ஒன்று நடந்தால் அது எத்தனை பேரைத் தொடுகிறது? பழைய கணக்கு ஆறு பேர் என்றது: அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, அவ்வளவுதான். 2018இல் வந்த அவருடைய கணக்கு 135 பேர் என்கிறது. அந்த 135 பேரும் உடைந்துபோகிறவர்கள் அல்ல, இறந்தவரை அறிந்தவர்கள். அவர்களில் யார் உடைவார்கள் என்பதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். இரத்த உறவை வைத்து அது தீர்வதில்லையாம். எவ்வளவு நெருக்கம் என்று அவரவரே உணர்கிறார்களோ, அதை வைத்துத்தான் மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. கென்டக்கி மாநிலத்து முன்னாள் படைவீரர்களிடம் அவர் குழு விசாரித்தபோது ஏறத்தாழ பாதிப்பேர், தெரிந்த ஒருவரை இப்படி இழந்தவர்களாக இருந்தார்கள்.

இந்தியாவில் 2022இல் மட்டும் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் 19,834. நோட்டின் ஓரத்தில் நாட்டுக் கணக்கை 135ஆல் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு கோடியே முப்பது லட்சம் வந்தது. அமெரிக்க எண்ணை இங்கே பெருக்குவது கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ளாத வேலை. தெருவுக்குத் தெரு ஒன்றுவிட்ட சொந்தமாக வாழ்கிற ஊரில் அது எங்கே போய் நிற்குமோ. பெருக்கியதை அடித்துவிட்டேன்.

*

2023 அக்டோபரில் பஞ்சாபைச் சேர்ந்த ஓர் அக்னிவீரர் ஜம்மு காஷ்மீரில் பணியில் இருந்தபோது இறந்தார். மரியாதை அணிவகுப்பு இல்லாமல் உடல் வீடு வந்தது என்று அரசியல் கிளம்பியது. ராணுவம் விளக்கம் கொடுத்தது. தன்னால் நேர்ந்த சாவுக்கு ராணுவ மரியாதை கிடையாது, இது 1967ஆம் வருஷத்து ஆணை. 2001 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 100 முதல் 140 வீரர்களை இப்படி இழந்துவருகிறோம். அவர்கள் யாருக்கும் அந்த மரியாதை தரப்படவில்லை. குடும்பத்துக்கான உதவியில் பாகுபாடு இல்லை என்றும் சொன்னார்கள்.

மாடிக் குடித்தனக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். 'அவன்' வெளியே வந்த பிறகு போனவன். அந்த ஆணைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஃபீல்டுல ஒருத்தன் போனா எல்லாரும் அவன் பேரைச் சொல்லிட்டே இருப்போம் சார். இப்படிப் போனவன் பேரை மெஸ்ஸுல யாரும் எடுக்க மாட்டாங்க. கட்டிலை மடிச்சு வச்சுடுவாங்க" என்றார்.

விதிக்கு அதற்கான நியாயம் இருக்கலாம். மரியாதை கொடுத்தால் இன்னொருவனுக்குத் துணிவு வந்துவிடும் என்ற பயம் இருக்கலாம். இருந்தாலும் செத்தவனுக்கு இல்லாத அணிவகுப்பு, இருப்பவர்களுக்கும் இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் போர்க்களத்தில் இப்படி இறந்த வீரரின் வீட்டுக்கு அதிபரின் இரங்கல் கடிதம் போகாது என்று வெகுகாலம் ஒரு வழக்கம் இருந்தது. 2011 ஜூலையில் ஒபாமா அதை மாற்றினார். ஒரே ஒரு கடிதம்தான். ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

அந்த 'எங்க பையன்' பிறந்த செங்கம் பக்கம் நடுகல் பூமி. எழுபதுகளின் தொடக்கத்தில் நாகசாமி இயக்குநராக இருந்தபோது தொல்லியல் துறை தேடித் தேடி எடுத்துப் பதிப்பித்த கற்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கெல்லாம் பேரும் ஊரும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று: கருந்தேவக்கத்தி என்ற வீரன், அவன் பக்கத்தில் அவனுடைய நாய். நாய்க்கும் பேர் வெட்டியிருக்கிறது. கோவிவன். திருடர் இருவரைக் கடித்து நின்றதாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்த நாயின் பேர் அழியவில்லை.

*

பொத்தேரி என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பொத்தியார் நினைவு வருகிறார். ஊர்ப் பேருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஓசை ஒற்றுமைதான்.

அரசன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கதையில் எல்லோரும் பிசிராந்தையாரைத்தான் கொண்டாடுவார்கள், பாராமலே நட்புக் கொண்டு பாண்டிநாட்டிலிருந்து வந்து கூட உட்கார்ந்தவர் என்று. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பொத்தியார் கூடவே இருந்த நண்பர். தானும் உட்காருகிறேன் என்றார். உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, மகன் பிறந்த பிறகு வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். அவன் இல்லாத உறையூருக்குத் திரும்பி வந்த பொத்தியார், யானையைப் பறிகொடுத்த பாகன் வெறும் கொட்டிலைப் பார்த்து அழுகிற மாதிரி அழுததைப் புறநானூறு வைத்திருக்கிறது. வடக்கிருத்தலும் இன்றைய அறைக்குள் நடப்பதும் ஒன்றல்ல. அது ஊரறிய நடந்தது. இது ஊருக்கு ஒளித்து. ஆனால் பின்னால் விடப்பட்டவனின் அழுகையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மகன் பிறந்தான். பொத்தியார் திரும்பிப் போனார். கல்லாகிவிட்ட நண்பனிடம், எனக்கு எங்கே இடம் என்று கேட்டார்.

அதை நட்பின் உச்சம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது. நடுவில் எத்தனை மாதம் இருந்திருக்கும்? அத்தனை மாதத்தில் உறையூரில் ஒரு ஆள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, பொத்தியாரே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பாரா? மகன் பிறந்த சந்தோஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள்.

இழந்தவரையே பிறகு நாம் இழக்கக்கூடும் என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்றும் சொல்கிறார்கள். படிக்கச் சுலபம். மாசி மாதம் ஒரு ராத்திரி அடைத் தட்டோடு மாடி ஏறியவன், தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தேன்.

"தம்பி, உங்களுக்கும் அந்த மாதிரி எண்ணம் வருதா?"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் அடையைப் பிட்டபடி, "வரும் சார், போகும்" என்றார். பிறகு, "இதுவரைக்கும் யாரும் கேட்கல" என்றார். பிட்ட துண்டு கையிலேயே இருந்தது.

*

சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையம் சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. எண் 044-24640050. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. படையினருக்கென்று அதிலேயே தனிப் பிரிவு ஒன்றைப் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 அன்று திறந்திருக்கிறார்கள். இரண்டு எண்களையும் மாடிக் கதவுக்குப் பின்னால் கேஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டினேன். இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத் தண்ணீர் மோட்டார் போட வந்தவர், "பேசினேன் சார். ஒரு அம்மா. அவசரப்படாம கேட்டாங்க" என்றார். மோட்டார் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

இவர் ஒருவர்தான் என்று இனிமேல் சொல்ல முடியாது. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் நாலு வருஷம் முடியப்போகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் சேவாநிதிப் பணத்தோடு வெளியே வருவார்கள். திட்ட விதிப்படி அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, பென்ஷனும் இல்லை. பாதிப் படிப்பு முடித்து மிச்சத்துக்குக் கல்லூரிக்கு வருவார்கள். பார்க்க மற்ற பையன்கள் மாதிரியே இருப்பார்கள். இவருடைய நரைத்த கிருதாவைப் பார்த்தாவது நாலு பேர் அண்ணா என்கிறார்கள். அவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யாருக்குத் தெரியும், அவர்கள் கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்.

*

மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும், எங்கே போகலாம் என்று மாடிக்காரர் கேட்டார். செங்கல்பட்டுவரை ரயில், அங்கிருந்து பஸ், திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கிற குளம். படி முழுக்க ஜனம். வாழைக்கீற்று, எள், தர்ப்பை எல்லாம் பொட்டலமாகவே கிடைக்கிறது.

ஐயர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மா வழி. முடித்துவிட்டு நிமிராமலே, "வேற யாராவது? பெரியப்பா, சித்தப்பா, மாமா, வாத்தியார், சிநேகிதர்?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு ஐயரை.

"சிநேகிதனுக்கு உண்டா சாமி?"

"உண்டே. காருணிக பித்ருன்னு பேரு. பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். ஒன்பது மாதத்தில் அந்தப் பேரை அவர் வாயிலிருந்து அன்றுதான் நான் கேட்டேன். அதுவரை 'அவன்'தான்.

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம். கையை நீட்டுங்கோ."

எப்படிப் போனார் என்று ஐயர் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று ரயிலில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதிலிருந்து யோசித்துக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னார். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரல் வழியாக இறங்கின. மூன்று தடவை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், எழுந்துவிட்டோம்.

மேல்படியில் அவருடைய ஷூ இரண்டும் குதிகால் சேர்ந்து, முனை வெளிப்பக்கம் பார்த்து நின்றன. அவசரத்தில் நான் உதறிவிட்டுப் போன ரப்பர் செருப்பையும் யாரோ அதற்குப் பக்கத்தில் அதே மாதிரி சேர்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் அவருக்கு இன்டர்னல். பஸ்ஸில் ஜெராக்ஸ் தாள்களை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார்.